பிள்ளைகள் வரைந்த ஓவியங்கள் சுவருக்கு வரும்போது

பள்ளி ஆண்டின் இறுதியில் பிள்ளைகளின் பையிலிருந்து வெளிவரும் ஓவியத் தாள்கள் ஒன்று அலமாரியின் அடித்தட்டுக்குச் செல்கின்றன. அல்லது பழைய செய்தித்தாள்களோடு எடைக்குச் செல்கின்றன. பணிமாறுதலில் ஊர் ஊராகச் செல்லும் எங்களைப் போன்ற குடும்பங்களில் இரண்டாவதே அதிகம் நேர்கிறது. அவற்றுள் சிலவற்றையேனும் வீட்டின் அலங்காரமாக்கலாம் என்று நாங்கள் முனைந்தபோது, முதல் முயற்சியே பிழையாக முடிந்தது.

எங்கள் ஆறு வயது மகள் கிரேயானால் ஒரு இரயில் வரைந்திருந்தாள். நெடுநாள் கெடாமல் இருக்கட்டும் என்று அதைக் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தோம். திரும்பி வந்த படத்தில் வானத்தின் நீலம் பெட்டிகளுக்குள் கசிந்திருந்தது. புகை ஒரு கரும்பட்டையாகப் படிந்திருந்தது. குழந்தை அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது நான் வரைஞ்சது இல்ல" என்றாள். அந்த மூலப்படம் மீண்டும் கிடைக்கப் போவதில்லை.

காரணம் எளியது. கிரேயான் என்பது மெழுகு; சுமார் 60 பாகை செல்சியஸிலேயே இளகிவிடும். லேமினேஷன் உருளைகளோ 100 பாகைக்கு மேல் சூடேறுபவை. எனவே சுவரில் மாட்டுமுன், படம் எதனால் வரையப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கிரேயான் ஓவியத்திற்கு வெப்பம் ஆகாது. ஸ்கெட்ச் பேனாவின் சாயத்திற்கு வெளிச்சம் ஆகாது. சன்னலுக்கு எதிரே மாட்டினால் சில மாதங்களிலேயே வெளிறிவிடும். அத்தகைய படத்தை ஸ்கேன் செய்து, அச்சிட்ட நகலைச் சுவருக்கும் மூலத்தைக் கோப்புக்கும் ஒதுக்குவது நலம். தடித்துப் பூசிய போஸ்டர் வண்ணம் சுருட்டினால் உதிரும். அதைத் தட்டையாகவே வைக்க வேண்டும்.

சட்டமிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஏ4 தாளின் அளவு 21 × 29.7 செ.மீ. அதற்கு அதே அளவுச் சட்டத்தை வாங்கினால் படம் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். மழைக்காலத்து ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். மாறாக, ஏ3 அளவுச் சட்டம் வாங்கி, அதே அளவில் வெட்டிய தடித்த வெள்ளை அட்டையின் நடுவே 20 × 28.5 செ.மீ. சாளரம் ஒன்றை வெட்டிக்கொள்ளலாம். பக்கங்களில் ஏறக்குறைய 5 செ.மீ.யும், மேலும் கீழும் 7 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவும் விளிம்பு கிடைக்கும். அட்டையின் தடிமன் படத்தைக் கண்ணாடியிலிருந்து விலக்கி வைக்கும். குழந்தையின் கிறுக்கல்கூட அந்த வெண்பரப்பின் நடுவே அமர்ந்ததும் தனி மதிப்புப் பெற்றுவிடுகிறது; இதைச் செய்து பார்த்தவர்கள் மட்டுமே நம்புவார்கள்.

பின்புறத் தாங்கலுக்குச் சென்ற ஆண்டின் தினக்காட்டி அட்டை போதும். அது நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும் என்பதால், இடையே ஒரு வெள்ளைத் தாள் வைக்கவும். படத்தின் மேல்விளிம்பை மட்டும் சிறு காகிதத் துண்டுகளால் ஒட்டுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாள் போக இடமின்றிப் புடைத்துவிடும். செல்லோடேப் மஞ்சளாகிக் கறை விடும். மைதாப் பசை பூச்சிகளை அழைக்கும். புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் உள்ள வீட்டிற்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் சட்டமிட வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தின் வார்லி மக்கள் திருமணத்தின்போது செம்மண் சுவரில் அரிசிமாவுக் குழம்பால் வரையும் சித்திரங்கள் என்றென்றைக்கும் நிலைக்க வேண்டும் என்று வரையப்படுபவை அல்ல. அதுபோல் வீட்டிலும் ஒரு சுவரை மாறிக்கொண்டே இருக்கும் படங்களுக்கு விட்டுவிடலாம். இரண்டு ஆணிகள், ஒரு சணல் கயிறு, துணி உலர்த்தும் கிளிப்புகள்: இவ்வளவே தேவை. கயிறு தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். விருந்தினர் சற்றுக் குனிந்து பார்க்கட்டுமே.

எதை மாட்டுவது என்பதைப் பிள்ளையிடமே கேளுங்கள். நாங்கள் விரும்பிய மயிலை ஒதுக்கிவிட்டு, எங்களுக்குப் புரியாத ஒரு பழுப்பு வட்டத்தை மகள் தேர்ந்தெடுத்தாள். அது எதிர்வீட்டு நாய் உறங்கும் காட்சியாம். கண்ணையும் காதையும் நாம் சேர்த்துத் திருத்திவிட்டால், பிறகு தொங்குவது நம்முடைய படம்.

இறக்கிய தாளின் பின்புறம், தேதியையும் வயதையும் அது எதைப் பற்றியது என்று பிள்ளை சொன்னதையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மறுபுறம் ஊறும். எங்கள் கோப்பில் அந்த நாயும், லேமினேஷனில் கலங்கிய இரயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சென்ற மாறுதலின்போது, புதிய வீட்டில் பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே மகள் கேட்டது சுத்தியலும் இரண்டு ஆணிகளும்தான்.