உப்பளக் கரையின் உடல்நலம்

நுழையும்முன்

உணவுக்குச் சுவை தருவது உப்பு. நம் நாட்டில் நோயொன்றைத் தடுக்கும் மருந்தாகவும் அது பயன்பட்டுள்ளது. அவ்வுப்பை விளைவிப்போரின் உடல்நலம் எவ்வாறு உள்ளது? ஒரு நோயின் காரணத்தைக் கண்டறியப் பல ஊர்களும் நாடுகளும் ஏன் கைகோக்க வேண்டும்? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

வெயிலை நம்பிய வாழ்வு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர். இங்குள்ள உவர்நிலத்தில் உப்பளங்கள் பரந்து விரிந்துள்ளன. உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்றச் செய்து, படியும் உப்பை வாரிக் கரையில் குவிப்பர். மழை வந்தால் தொழில் நின்றுவிடும். உழவர் மழையை எதிர்நோக்குவதுபோல உப்பளத் தொழிலாளர் வெயிலை எதிர்நோக்குகின்றனர்.

பிழைப்பைத் தரும் அவ்வெயிலே அவர்தம் உடலை வருத்துவதும் ஆகும். தலைக்குமேல் ஞாயிறு காய்கிறது. காலடியில் நீரும் வெண்ணிற உப்பும் ஒளியை எதிரொளிக்கின்றன. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஆதலால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. நீரிழப்பு மிகும்பொழுது சிறுநீரகங்களுக்குச் செல்லும் குருதியின் அளவு குறைகிறது. இந்நிலை மீண்டும் மீண்டும் நேர்ந்தால் அவை நலிவுறக்கூடும்.

ஒப்பீடு காட்டிய உண்மை

நோயின் காரணத்தை அறிய ஓர் ஊரை மட்டும் பார்த்தால் போதாது. ஊரோடு ஊரை ஒப்பிட வேண்டும். இதற்கு உப்பே சான்று பகர்கிறது. இமயமலை அடிவாரத்து மக்களிடையே முன்கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் 1956ஆம் ஆண்டு காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கினர். அப்பகுதியை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, இரண்டு மண்டலங்களுக்கு அயோடின் கலந்த உப்பையும் ஒன்றிற்கு வழக்கமான உப்பையும் வழங்கினர். அயோடின் உப்பைப் பெற்ற மண்டலங்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. இந்திய அரசு 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அயோடின் கலந்த உப்பு நாடெங்கும் அடுக்களைகளைச் சென்றடைந்தது.

எல்லை கடந்த ஆய்வு

கரும்பு வெட்டும் இளைஞர் பலர் நடு அமெரிக்க நாடுகளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அவர்களுள் பலருக்கு நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே காணப்பட்டபோது இது விளங்காத புதிராகவே இருந்தது. 2012இல் கோஸ்டாரிகாவின் தலைநகர் சான் ஹோசேவில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடித் தத்தம் தரவுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். வெப்பத்தில் இடையறாது செய்யும் கடும் உழைப்பும் நீரிழப்பும் முதன்மைக் காரணங்களாக இருக்கலாம் என்னும் கருத்து வலுப்பெற்றது. நிழல், குடிநீர், ஓய்வு ஆகிய மூன்றையும் உறுதிசெய்யும் தடுப்புமுறை கரும்புத் தோட்டங்களில் நடைமுறைக்கு வந்தது.

இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இத்தகைய சிறுநீரக நோய் உண்டு. அங்கெல்லாம் வெப்பம் மட்டுமே காரணம் என்று கூறிவிட இயலாது. குடிநீர், வேளாண் வேதிப்பொருள் முதலியனவும் ஆராயப்படுகின்றன. இவ்வாறு காரணங்கள் பலவாகும்போது கூட்டாய்வின் தேவையும் மிகுகிறது.

நம் மண்ணில் ஆய்வு

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலும் அவருடைய குழுவினரும் வெப்பத்தில் உழைப்போரின் உடல்நலத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். பணியிடத்தில் கழிப்பறை இல்லாமையால் பெண்கள் நீர் அருந்துவதையே தவிர்க்கின்றனர் என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய உண்மைகளுள் ஒன்று. தாகம் ஒருபுறம், நாணம் மறுபுறம். இவற்றிடையே உடல் வாடுகிறது. 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, தமிழ்நாட்டில் கருவுற்ற 800 பெண்களைப் பற்றியது. கடும் வெப்பத்தில் பணியாற்றியோருக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய இடர்கள் ஏறத்தாழ இருமடங்காக இருந்தன.

தெரியுமா?

* வெப்பத்தின் தாக்கம் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. ஈரப்பதம், காற்றின் வேகம், வெயிலின் கதிர்வீச்சு ஆகியவற்றையும் சேர்த்தே அதனை அளவிடுவர்.
* தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

அறிவு களம் சேர வேண்டும்

வெயில் அனைவர்க்கும் பொது. அதன் தீங்கு அனைவர்க்கும் பொதுவன்று. குளிரூட்டப்பட்ட அறையில் பணியாற்றுபவருக்கும் பாத்தியில் நிற்பவருக்கும் ஒரே கோடை வெவ்வேறு விளைவுகளைத் தருகிறது. நாட்கூலி பெறுபவர் ஒரு நாள் ஓய்வெடுத்தால் அந்நாளின் கூலியை இழக்கிறார். எனவே ‘நீர் அருந்துக, நிழலில் இருக்க’ என்னும் அறிவுரை மட்டும் போதாது. உப்பளக் கரையில் நிழற்கூடம், தூய குடிநீர், பெண்களுக்குக் கழிப்பறை, கூலி குறையாத ஓய்வுவேளை ஆகியன அமைய வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இல்லம்தோறும் சென்று குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் கண்டறிகிறது. அதுபோலச் சிறுநீரகப் பரிசோதனையும் உப்பளங்களைத் தேடி வருதல் நன்று.

காங்ராவில் கண்ட உண்மை உப்பின் வழியே வீடுதோறும் சென்று சேர்ந்தது. வெப்பத்தைப் பற்றி ஆய்வுகள் கண்ட உண்மை, அவ்வுப்பை விளைவிப்போரிடம் நிழலாகவும் நீராகவும் சென்று சேர வேண்டும். ஆய்வேடு அச்சேறுவதோடு ஆய்வின் பணி முடிவதில்லை. பாத்தியில் நிற்பவரின் துன்பம் குறையும்பொழுதே அது நிறைவுறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வெயிலில் உழைப்போருக்குக் குடிநீர், நிழல், கழிப்பறை வசதிகள் உள்ளனவா என்பதைக் கேட்டறிந்து அறிக்கை எழுதுக.
2. ‘வெயில் பொது, தீங்கு பொதுவன்று’ – இக்கூற்றை விளக்கி வகுப்பறையில் கலந்துரையாடுக.