எண்ணுக்குப் பொறுப்பு யார்?

அன்புள்ள கயல்விழிக்கு,

இன்ஸ்ட்ருமென்டேஷன் பட்டத்தோடு ராக்கெட் துறைக்குப் போக முடியுமா, அங்கே ஏரோநாட்டிக்கல் படித்தவர்களுக்குத்தானே இடம் என்று கேட்டிருந்தாய். குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-இல் தொடங்கியபோதே விமானப் பொறியியலோடு அளவைக் கருவித் தொழில்நுட்பமும் அங்கே பாடமாக இருந்தது. எஞ்சினை வடிவமைக்க வேறு பலர் இருப்பார்கள். அது சோதனை மேடையில் எரியும்போது உள்ளே என்ன நடந்தது என்று சொல்லவேண்டியவள் நீதான்.

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. ககன்யானுக்கான விகாஸ் எஞ்சினை 2021 ஜூலை 14 அன்று அங்கே 240 விநாடிகள் எரித்துப் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் கிரையோஜெனிக் எஞ்சினை 720 விநாடிகள். அந்த நேரத்தில் மேடை அருகே யாரும் நிற்க முடியாது. எஞ்சின் முழுக்கப் பொருத்திய சென்சார்கள் அனுப்பும் எண்களை நம்பித்தான் எல்லோரும் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த எண்கள் எவ்வளவு நுண்ணியவை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள். 350 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டிய உலோகம் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் நீண்டால், மின்தடை மாறுவது சுமார் 0.7 ஓம். கே வகை தெர்மோகப்பிள் ஒரு பாகைக்குத் தருவது ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட். பக்கத்தில் ஒரு மோட்டார் கேபிள் ஓடி, உன் ஷீல்டின் எர்த்தும் சரியில்லை என்றால், வெப்பநிலை என்று நீ படிப்பது அந்த மோட்டாரின் இரைச்சலாக இருக்கலாம். எரியறை அழுத்தத்தை நீளமான மெல்லிய குழாய் வழியாக அளந்தால், வேகமான அதிர்வைக் குழாயே விழுங்கிவிடும். நொடிக்கு ஆயிரம் தடவை அதிரும் அழுத்தத்தை நொடிக்கு ஆயிரம் முறை மட்டும் பதிவுசெய்தால் கிடைப்பது நேர்கோடு! எஞ்சின் உள்ளே சிதைந்துகொண்டிருக்கும்போதும் உன் வரைபடம் சாதுவாக இருக்கும். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் பயப்படவேண்டியது இதற்குத்தான். வராத எண்ணைவிட, நம்பும்படி வரும் தவறான எண் கொடியது.

1949-இல் கலிஃபோர்னியப் பாலைவனத்தில், இன்றைய எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், ஜான் ஸ்டாப் என்ற ராணுவ மருத்துவர் ராக்கெட் வண்டியைச் சட்டென்று நிறுத்தினால் மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த விசையை அளக்க எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் சென்சார்கள் கொண்டுவந்தார். ஓட்டம் முடிந்து பார்த்தால் அளவு பூஜ்யம். இணைப்பு மாறிப்போயிருந்தது. தவறு நடக்க வழியிருந்தால் அது நடந்தே தீரும், மர்ஃபி விதி என்று உலகமே சொல்வது அங்கே பிறந்ததுதான். அன்று பூஜ்யம் வந்ததால் தவறு உடனே தெரிந்தது. 2013 ஜூலை 2 அன்று பைக்கோனூரில் ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. திரும்பும் வேகத்தை அளக்கும் சென்சார்கள் சில தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தன. அவை சொன்னதை நம்பித் தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்த்த ராக்கெட், ஒரு நிமிடத்துக்குள் மூன்று செயற்கைக்கோள்களோடு தரையில் விழுந்து எரிந்தது.

அதனால் காலிபரேஷன் சான்றிதழ் கையில் இருக்கிறது என்று ஓய்ந்துவிடாதே. மேடைக்குப் போய் ஒவ்வொரு சென்சாரையும் நீயே தூண்டிப் பார். இங்கே சூடு காட்டினால் திரையில் அதே பெயருக்கு எதிரேதான் எண் ஏறுகிறதா? இந்தப் பக்கம் இழுத்தால் கூடுகிறதா, குறைகிறதா? எஞ்சினை நிறுத்தும் முடிவு எந்த அளவைப் பொறுத்திருக்கிறதோ, அதற்கு மூன்று சென்சார் கேள். இரண்டு ஒத்துச் சொன்னால் மட்டும் நிறுத்தலாம்.

முதல் சில வருடங்கள் கேபிள் இழுப்பதிலும் கனெக்டர் சரிபார்ப்பதிலும் போகும். அதைக் கீழான வேலை என்று நினைக்காதே. பிறகொரு நாள், சோதனை பாதியில் நின்றதும், கோளாறு எஞ்சினிலா சென்சாரிலா என்று அறை முழுவதும் உன்னைத்தான் பார்க்கும். அந்த வருடங்களில் கை அழுக்காக்கிக்கொண்டவர்களால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இந்த வாரம் ஆய்வகத்தில் ஒரு தெர்மோகப்பிளை உருகும் பனிக்கட்டியிலும் கொதிநீரிலும் வைத்து, காட்டும் எண்களை எனக்கு எழுது. நீ படிக்கும் கோயம்புத்தூரில் தண்ணீர் சரியாக 100 பாகையில் கொதிக்காது. ஏன் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மாமா