முதலில் புளியங்கொட்டை வைத்து ஆடு

கண்ணா, மான்செஸ்டரில் உன் அறைத்தோழர்கள் போனில் பிளாக்ஜாக் ஆடுகிறார்கள், எனக்கும் சொல்லிக் கொடுங்கள் தாத்தா என்று கேட்டாய். ஆடாதே என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் நீ வேறு யாரிடமாவது கேட்பாய். அவர்கள் ஆட்டத்தைச் சொல்வார்கள், அதன் விலையைச் சொல்ல மாட்டார்கள். முப்பத்தோரு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். நிகழ்தகவு நடத்தும்போது பிள்ளைகள் கையில் சீட்டுக்கட்டைத்தான் கொடுப்பேன். உனக்கும் அப்படியே சொல்கிறேன்.

1. 21-ஐ எட்டுவது நோக்கம் என்று நினைக்காதே. டீலரை ஜெயிப்பதுதான் நோக்கம். 2 முதல் 10 வரை சீட்டில் உள்ள எண்ணே மதிப்பு. ஜாக்கி, ராணி, ராஜா மூன்றும் பத்து. ஏஸ் ஒன்றாகவும் இருக்கும், பதினொன்றாகவும் இருக்கும், உனக்கு எது தோதோ அது. இன்னொரு சீட்டு வேண்டுமென்றால் ஹிட், போதுமென்றால் ஸ்டாண்ட், 21-ஐத் தாண்டினால் பஸ்ட். டீலருக்குச் சொந்த விருப்பம் கிடையாது. 16 வரை வாங்கியே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். ஏஸ் சேர்ந்த 17-க்கு மட்டும் மேசைக்கு மேசை விதி மாறும். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்தால் அதுதான் பிளாக்ஜாக். சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும்.

2. காசில்லாமல் பழகு. உன் பாட்டியும் நானும் புளியங்கொட்டை வைத்துத்தான் ஆடுகிறோம். அங்கே இணையத்தில் இலவச ஆட்டம் ஆடவே 18 வயது ஆனதைச் சரிபார்ப்பார்கள், 2019 முதல் அப்படித்தான். அதைவிட ஒரு சீட்டுக்கட்டு வாங்கிக்கொள். ஒருவன் டீலராக இருக்கட்டும், நூறு ஆட்டம் ஆடுங்கள், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுது.

3. இதை நிதானமாகப் படி, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. டீலருக்கும் உனக்கும் ஒரே சீட்டுக்கட்டு. அவர் கெட்டிக்காரத்தனம் எதுவும் காட்டுவதில்லை. பிறகு கேசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது? நீ முதலில் ஆடுகிறாய், அவ்வளவுதான். நீ பஸ்ட் ஆன நொடியே உன் காசு போய்விடும். அதற்குப் பிறகு டீலரும் பஸ்ட் ஆனாலும் திரும்பி வராது.

இப்போது கணக்கு. டீலர் நூறு ஆட்டத்தில் ஏறத்தாழ 28-ல் பஸ்ட் ஆகிறார். நீயும் அவரைப் போலவே 16 வரை வாங்கி 17-ல் நிறுத்தினால், நீயும் 28-ல் பஸ்ட் ஆவாய். இருவரும் சேர்ந்து பஸ்ட் ஆவது 28-ல் 28 சதவீதம், அதாவது நூற்றுக்கு எட்டு ஆட்டம். அந்த எட்டும் கேசினோவுக்கு. உனக்கு வரும் பிளாக்ஜாக்குக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் இரண்டேகால் போலத் திரும்பக் கிடைக்கும். மீதி ஐந்தரைக்குக் கிட்டத்தட்ட கேசினோவின் பங்கு. பிழையில்லாமல் ஆடத் தெரிந்தால் அதை அரை சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். சீட்டு எண்ணாமல் ஆடினால் பூஜ்யத்துக்குக் கீழே வழக்கமாகக் கொண்டுபோக முடியாது. அந்த அரையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

4. உன் சீட்டை மட்டும் பார்க்காதே, டீலரின் திறந்த சீட்டைப் பார். அவருக்கு 4, 5, 6 இருந்தால் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது தடவை பஸ்ட் ஆவார். அப்போது உன்னிடம் 12 முதல் 16 வரை எது இருந்தாலும் பேசாமல் நிறுத்து. அவருக்கு 2, 3 என்றாலும் 13 முதல் நிறுத்தலாம், 12-க்கு மட்டும் ஒரு சீட்டு வாங்கு. அவருக்கு 7 அல்லது அதற்கு மேல் என்றால் நீ 17 வரும்வரை வாங்கத்தான் வேண்டும். 16-க்கு எதிரே 10 வரும்போது எல்லோருக்கும் கை நடுங்கும். சீட்டு வாங்கினால் 13-ல் 8 வாய்ப்பு பஸ்ட் ஆவதற்குத்தான். ஆனாலும் வாங்கு. நின்றால் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தோற்பாய்.

எந்தச் சீட்டுக்கு என்ன செய்வது என்ற இந்த அட்டவணையை முதலில் சரியாகப் போட்டவர்கள் அமெரிக்காவில் மேரிலாண்டின் அபர்தீன் ராணுவத் தளத்தில் இருந்த நான்கு இளைஞர்கள்: பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டெர்மாட். கணினி இல்லாமல், மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டே போட்டு 1956-ல் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அவர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. காசுக்காக இல்லாமல் கணக்குக்காக உட்கார்ந்தவர்கள்.

5. டீலருக்கு 2 முதல் 9 வரை இருக்கும்போது 10-க்கும் 11-க்கும் டபுள் செய், அதாவது பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்கு. ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் இரண்டு கையாகப் பிரி. பத்து ஜோடியை எப்போதும் பிரிக்காதே, 20-ஐ யார் உடைப்பார்கள்? டீலருக்குப் பத்தோ ஏஸோ இருந்தால் மேசையின் விதியைப் பார்த்து முடிவுசெய். ஐரோப்பிய மேசைகளில் டீலர் இரண்டாவது சீட்டைக் கடைசியில்தான் எடுப்பார். அவருக்குப் பிளாக்ஜாக் வந்தால் நீ கூட்டி வைத்ததும் சேர்ந்து போகும்.

6. டீலருக்கு ஏஸ் வந்தால் இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று திரை கேட்கும். வேண்டாம் என்று சொல். பேர்தான் காப்பீடு. அடுத்த சீட்டு பத்தா என்று தனியாகக் கட்டும் பந்தயம் அது. 13 வகைச் சீட்டில் 4 வகைதான் பத்து. ஒரு பவுண்டாக 13 தடவை கட்டினால், 4 தடவை இரண்டிரண்டாக 8 பவுண்டு வரும், 9 தடவை 9 பவுண்டு போகும். உன் கையில் நல்ல சீட்டு இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

7. மேசையில் 3:2 என்று எழுதியிருக்கிறதா, 6:5 என்றா? பத்துப் பவுண்டுக்குப் பிளாக்ஜாக் வந்தால் முதலாவதில் 15 கிடைக்கும், இரண்டாவதில் 12. இந்த ஒரு விதியே கேசினோவின் பங்கில் 1.4 சதவீதம் கூட்டிவிடும். 6:5 மேசையில் உட்காரவே உட்காராதே.

8. சீட்டு எண்ணி ஜெயிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். எட்வர்ட் தார்ப் 1962-ல் புத்தகமாகவே எழுதினார், அவர் சொன்னது உண்மை. ஆனால் அது கட்டு குறையக் குறைய மீதியில் என்ன இருக்கிறது என்ற கணக்கு. கணினியே சீட்டுப் போடும் மேசையில் வழக்கமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாகக் கலைக்கிறார்கள். எண்ணுவதற்கு அங்கே எதுவும் மிஞ்சாது.

9. போனில் ஆடுவதற்கும் மேசையில் ஆடுவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகம். நிஜ மேசையில் மணிக்கு 70 ஆட்டம் போகும் என்று வை. போனில் 300 போகும். ஐந்து பவுண்டு வீதம் கட்டி, அரை சதவீதத்தில் பிழையின்றி ஆடினால், மேசையில் மணிக்கு சராசரியாக 1.75 பவுண்டு செலவு, போனில் 7.50. டீலரைப் போலவே ஆடுகிறவனாக இருந்தால் போனில் அதே ஒரு மணிக்கு 82 பவுண்டு. உன் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவைவிட அதிகமாக இருக்குமே! பிரிட்டனில் 2025 ஜனவரி முதல் இணைய கேசினோ ஆட்டத்தில் ஒரு சுற்று ஐந்து நொடிக்குள் முடியக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஐந்து நொடி உனக்குப் போதாது. ஒவ்வொரு ஆட்டத்தையும் நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததைத் தொடு.

10. தோற்றதை எடுக்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்காதே. ஐந்து பவுண்டில் தொடங்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் 635 போயிருக்கும். எட்டாவதாக 640 கட்ட வேண்டும், ஜெயித்தாலும் மொத்தத்தில் மிஞ்சுவது ஐந்து. என்னோடு வேலை பார்த்த ஓர் இளம் ஆசிரியர் போன் ஆட்டத்தில் இப்படித்தான் விட்டதைப் பிடிக்கப் போய், பி.எஃப். பணத்தில் கடன் எடுத்தார். வீட்டுக்குத் தெரியவந்தபோது மகளின் கல்லூரிக் கட்டணமும் அதில் போயிருந்தது. கணக்கு தெரிந்தவர்தான். அவரிடம் முன்பே பேசாமல் போனோமே என்று இன்றும் எனக்கு வலிக்கிறது.

11. அங்கே அரசின் சூதாட்ட ஆணையம் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகிறது, அதில் இல்லாத எதையும் தொடாதே. 2020 முதல் கிரெடிட் கார்டில் சூதாடவும் அங்கே தடை. கை நிற்கவில்லை என்று தோன்றினால் கேம்ஸ்டாப்பில் பதிவுசெய், உரிமம் பெற்ற எல்லா இணைய தளங்களும் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை உன்னை உள்ளே விடாது. ஊருக்கு வந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தடைசெய்கிறது.

நூறு ஆட்டம் எழுதிய நோட்டைப் படம் பிடித்து அனுப்பு. 16-க்கு எதிரே 10 வந்தபோதெல்லாம் என்ன செய்தாய் என்றுதான் முதலில் பார்ப்பேன்.