வாசலோடு முடிவதில்லை வழி
பொது இடங்களையும் சேவைகளையும் எல்லோருக்குமாக அமைப்பது பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூட்டுவலியும் காது மந்தமும் உள்ள எழுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர், ஓய்வூதிய நேர்காணலுக்காகச் சார்நிலைக் கருவூலத்துக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் நடைபாதை பெயர்ந்து கிடக்கிறது. பேருந்தின் முதல் படி அவர் காலுக்கு எட்டாத உயரம். அலுவலகம் மாடியில் இருக்கிறது. டோக்கன் எண்ணை உள்ளிருந்து வாயால் கூப்பிடுகிறார்கள், அவருக்குக் கேட்பதில்லை. கழிப்பறை பூட்டியிருக்கும் என்று தெரிந்து, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருக்கிறார். எந்தப் பதிவேட்டிலும் அவர் மாற்றுத்திறனாளி இல்லை. ஆனாலும் ஒரு கையெழுத்துக்காக அவர் ஐந்து இடங்களில் திணற வேண்டியிருக்கிறது.

இந்த ஐந்தும் தனித்தனித் துறைகளின் பொறுப்பு. அவருக்கோ இது ஒரே பயணம். அதனால் ஓர் இடத்தையோ சேவையையோ வடிவமைக்கும்போது அந்தப் பயணம் முழுவதையும் பயனாளியோடு சேர்ந்து கடந்து பார்க்க வேண்டும். அவரிடம் கேட்டு, ஒரு மாதிரியைச் செய்து காட்டி, அவர் சொன்னபடி திருத்த வேண்டும். மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பு என்று சொல்லப்படுவது இதுதான். எளிய இந்த வேலையைத் தள்ளிப்போடுவதற்கு நம்மிடையே சில நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: இது மிகச் சிறிய ஒரு பிரிவினருக்கான வசதி.

உண்மை: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் 2.21 சதவீதம். உலகச் சுகாதார நிறுவனமோ, உலக மக்களில் ஏறக்குறைய 16 சதவீதத்தினருக்கு, ஆறு பேரில் ஒருவருக்கு, குறிப்பிடத்தக்க குறைபாடு இருப்பதாகக் கணிக்கிறது. எதைக் குறைபாடு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண்ணிக்கை பெரிதும் மாறும். 2011 கணக்கெடுப்பு எட்டு வகைகளில் எண்ணியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளை ஏற்கிறது.

இதற்கு அப்பாலும் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011லேயே பத்தில் ஒருவருக்கு மேல் 60 வயதைக் கடந்திருந்தார்கள். நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வருபவர், காலில் மாவுக்கட்டுப் போட்டவர், சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர், கோயம்பேட்டில் மூட்டையோடு இறங்குபவர் என எல்லோருக்கும் அதே படிதான் தடை.

சென்னை மெரினா இதற்கு நல்ல சான்று. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மட்டும் சில ஆண்டுகள் அங்கே தற்காலிகப் பாதை போடப்பட்டு வந்தது. 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீளத்தில் நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்காகக் கேட்டு வாங்கிய அந்தப் பாதை, மணலில் கால் புதைய நடக்க முடியாத முதியவர்களையும் அலைக்கு அருகில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நம்பிக்கை 2: அவர்கள் இங்கே வருவதே இல்லை. பிறகு வசதி எதற்கு?

உண்மை: வர முடியாததால்தான் வருவதில்லை. ஆற்றில் பாலம் இல்லாத இடத்தில் எத்தனை பேர் நீந்திக் கடக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து, பாலம் தேவையா என்று யாரும் முடிவு செய்வதில்லை.

வராதவர்களைத் தேடிப்போய்க் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா ஓர் எடுத்துக்காட்டு. ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய சிறுமிகள் பொதுப் பூங்காக்களுக்கு வருவது வெகுவாகக் குறைவதை 1990களில் அங்கே ஓர் ஆய்வு கண்டது. சிறுமிகளுக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்று நகர நிர்வாகம் விட்டுவிடவில்லை. பூங்காவின் நடுவே இருந்த ஒரே பெரிய திடலைப் பையன்கள் எடுத்துக்கொள்ள, சிறுமிகள் ஒதுங்கிப் போனார்கள் என்பது தெரிந்தது. ஐன்சீட்லர் பூங்கா உள்ளிட்ட இடங்களில் திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். கைப்பந்து, இறகுப்பந்து ஆட இடம் ஒதுக்கினார்கள். பாதைகளையும் விளக்குகளையும் சீர்செய்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். பூங்காவுக்குள் இருப்பவர்களை மட்டும் கேட்டிருந்தால் இந்தக் குறை வெளிப்பட்டிருக்காது.

நம்பிக்கை 3: வாசலில் ஒரு சாய்தளம் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: முதலில், அது ஏறக்கூடிய சாய்தளமாக இருக்க வேண்டும். பரவலாக ஏற்கப்பட்ட அதிகபட்சச் சரிவு 1:12. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். தலா 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளைக் கடக்க 5.4 மீட்டர், அதாவது ஏறத்தாழ 18 அடி நீளச் சாய்தளம் தேவை. நம் ஊர் அலுவலக வாசல்களிலும் வங்கி வாசல்களிலும் மூன்று படிகளை நான்கைந்து அடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது கட்டுப்பாடில்லாமல் ஓடும்.

அடுத்தது, சாய்தளம் எல்லோருடைய தேவையும் அல்ல. பார்வையற்றவருக்கு வேண்டியது தரையில் வழிகாட்டும் ஓடு. இந்த ஓட்டை 1965ல் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே. 1967 மார்ச்சில் ஒக்கயாமா நகரச் சாலையோரத்தில் அது முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் உள்ள வழக்கப்படி நீள்கோடு இருந்தால் ‘இப்படிப் போ’ என்று பொருள், புள்ளிகள் இருந்தால் ‘நில், கவனி’ என்று பொருள். இதை அறியாமல் அழகுக்காக மஞ்சள் ஓடு பதிப்பவர்கள் கோட்டையும் புள்ளியையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். ஓட்டின் மீதே மின்கம்பம் நிற்கும் நடைபாதைகளும் உண்டு. அந்த ஓட்டை நம்பி வெள்ளைக்கோலோடு வருபவர் கம்பத்தில் மோதுவார்.

செவித்திறன் இல்லாதவருக்குச் சாய்தளமும் பயன்படாது, ஓடும் பயன்படாது. அவருக்கு வேண்டியது டோக்கன் எண் ஒளிரும் பலகை, எழுதிக்காட்டப் பொறுமையுள்ள ஊழியர், முக்கியமான இடங்களில் சைகை மொழி தெரிந்த ஒருவர்.

நம்பிக்கை 4: விதிப்படி கட்டினால் போதும். பயனாளிகளைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை தாமதமாகும்.

உண்மை: விதி என்பது குறைந்தபட்ச அளவு. ஒருவருடைய தேவையும் இன்னொருவருடைய தேவையும் முரண்படும் இடத்தில் விதிப்புத்தகத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நடைபாதை சாலையோடு சேரும் முனையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த இடம் சமதளமாக இருக்க வேண்டும். வெள்ளைக்கோலோடு வருபவருக்கோ விளிம்பு என்று ஒன்று தட்டுப்பட வேண்டும். முழுக்கச் சமமாக்கினால், சாலைக்குள் இறங்கிவிட்டது தெரியாமலே அவர் வண்டிகளுக்கு நடுவே போய்விடுவார். இருவரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டால்தான் வழி கிடைக்கும். முனையைத் தாழ்த்திச் சரித்துவிட்டு அங்கே புள்ளி ஓடு பதிக்க வேண்டும். சக்கரம் தடங்கலின்றி இறங்கும், கோலுக்கும் காலுக்கும் எச்சரிக்கை கிடைக்கும்.

இதற்குத் தாமதம் ஆவதில்லை. கவுன்டரின் உயரத்தை அட்டையில் மாதிரி செய்து ஒரே நாளில் சோதிக்கலாம். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி திரும்புமா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கட்டி முடித்த சுவரை இடிப்பதுதான் தாமதம். கேட்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஆலோசனை சொல்ல வருபவரும் தன் வேலையை விட்டுத்தான் வருகிறார். அவர் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் உரிய தொகை கொடுப்பது நியாயம்.

நம்பிக்கை 5: நம் மக்கள் நல்லவர்கள். தூக்கிவிட ஆள் இருக்கும்போது தனி வசதி எதற்கு?

உண்மை: நம் மக்களின் நல்ல மனதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் முன்பின் தெரியாதவர்கள் தன் உடலைத் தூக்குவதை ஏற்றாக வேண்டும் என்ற நிலையில் யாரையும் வைக்கக் கூடாது. தூக்கும்போது தவறி விழ நேரலாம். ஒரு பெண்ணுக்கு அது பாதுகாப்புச் சிக்கலும் ஆகும். ஆள் கிடைக்கும் நேரத்தில்தான் வெளியே போக முடியும் என்றால், வேலைக்கும் படிப்புக்கும் நம்பி ஒப்புக்கொள்ள முடியாது.

நகரப் பேருந்துகள் பலவற்றில் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் வரை உயரத்தில் இருந்தது. மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் 400 மில்லிமீட்டர் உயரத் தளம் கொண்ட புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. நிறுத்தத்தில் பக்கவாட்டில் தாழ்ந்து கொடுக்கும் வசதியும், சக்கர நாற்காலி ஏற மடக்குப் பலகையும் அவற்றில் உண்டு. ஆனால் ஓட்டுநர் பேருந்தை நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் அந்தப் பலகை சரியான சரிவில் அமையும். அதற்கு நிறுத்தத்தில் ஆட்டோவும் இருசக்கர வாகனமும் நிற்காமல் இருக்க வேண்டும். பேருந்தை வாங்குவது ஒரு துறை, நிறுத்தத்தைக் கட்டுவது இன்னொரு துறை, அதைக் காலியாக வைத்திருப்பது காவல்துறை. மூன்றும் சேர்ந்தால்தான் ஒருவர் பேருந்தில் ஏற முடியும்.

இந்த வசதிகள் கருணையாகக் கேட்கும் உதவியும் அல்ல. தரநிலைக்கு ஒவ்வாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக் கூடாது, பணிநிறைவுச் சான்றும் தரக் கூடாது என்று 2016 சட்டம் சொல்கிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய, விதிகள் வந்த 2017லிருந்து ஐந்து ஆண்டுக் கெடு கொடுத்தது. அந்தக் கெடு முடிந்துவிட்டது. அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைபோல வைத்திருந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயத் தரநிலைகளை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நம்பிக்கை 6: எல்லாம் செல்போனிலேயே வந்துவிட்டது. இனி யாருக்கும் அலைச்சல் இல்லை.

உண்மை: வாசற்படி போய்த் திரையில் ஒரு படி வந்திருக்கிறது. கோணல்மாணலான எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சா பார்வையற்றவரை வெளியே நிறுத்துகிறது. முப்பது வினாடியில் மறையும் ஓ.டி.பி., விரல் நடுங்கும் முதியவரை நிறுத்துகிறது. ஆண்டுக்கணக்கில் மண்ணையும் சுண்ணாம்பையும் கையாண்டு ரேகை தேய்ந்தவரை விரல்ரேகைக் கருவி அடையாளம் காண மறுக்கிறது.

வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்ய வங்கிகளும் தொலைபேசி நிறுவனங்களும் செய்யும் கே.ஒய்.சி. சோதனையில் கேமராவுக்கு முன் கண் சிமிட்டச் சொல்வதுண்டு. அமில வீச்சில் கண்ணிமை சிதைந்தவர்களால் சிமிட்ட முடியாது. பாதிக்கப்பட்டவர்களே உச்ச நீதிமன்றம் சென்றார்கள். எண்மச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கே.ஒய்.சி. முறையை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற இருபது வழிகாட்டுதல்களை வழங்கியது. ஒரு செயலியை வெளியிடும் முன், அதனால் தடுக்கப்படக்கூடிய நால்வர் கையில் கொடுத்துப் பார்த்திருந்தால் இந்த வழக்குக்கே தேவை இருந்திருக்காது. திரை எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும், ஆள் இருக்கும் ஒரு கவுன்டரும் திறந்திருக்க வேண்டும்.

நம்பிக்கை 7: இதெல்லாம் பணக்கார நாடுகளின் வழக்கம். நமக்குக் கட்டுப்படியாகாது.

உண்மை: இத்தகைய வடிவமைப்பின் மிகப் பெரிய சாதனைகளில் ஒன்று ஏழை இந்தியாவில் நடந்தது. 1951ல் நம் எழுத்தறிவு 18 சதவீதம்தான். அப்போது ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்குரிமை பெற்ற முதல் பொதுத் தேர்தலை சுகுமார் சென் தலைமையிலான தேர்தல் ஆணையம் நடத்தியது. பெயர் படிக்கத் தெரியாத வாக்காளருக்காகச் சின்னம் வந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி வைக்கப்பட்டது. வாக்காளர் முதலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆணையம் காத்திருக்கவில்லை. அவருக்கு ஏற்றபடி தேர்தலை அமைத்தது.

அதே தேர்தல் ஒரு பாடத்தையும் விட்டுச்சென்றது. வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்தார்கள். அப்படிப் பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. சின்னத்தில் அத்தனை கவனம் காட்டிய அமைப்பே, பெயர் கேட்கும் முதல் கட்டத்தில் லட்சக்கணக்கானோரை இழந்தது. பயணத்தின் எந்தக் கட்டத்தில் யார் விழுகிறார் என்று தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்க வேண்டிய அவசியம் இதிலிருந்து விளங்கும்.

நம்பிக்கை 8: ஒருமுறை கட்டிவிட்டால் கவலை இல்லை.

உண்மை: மெரினாப் பாதை திறந்த இரண்டே வாரத்தில், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சீர்செய்யப்பட்டது. பராமரிப்புக்கு ஆளும் பணமும் ஒதுக்காத எந்த வசதியும் இப்படி ஒரு நாள் பயன்படாமல் போகும், அதற்குப் புயல்கூட வேண்டியதில்லை. லிஃப்டின் சாவி யாரிடமோ இருக்கும். சாய்தளத்தின் குறுக்கே பைக் நிற்கும். சக்கர நாற்காலிக்கான கழிப்பறையில் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, எந்தப் பேருந்து நிலையமும் மருத்துவமனையும் பூங்காவும் செயலியும் திறப்பு விழா காணும் முன், சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், செவித்திறன் இல்லாதவர், முதியவர், கைக்குழந்தையோடு வருபவர் ஆகியோர் வீட்டிலிருந்து கிளம்பி வேலையை முடித்து வீடு திரும்பும்வரை ஒத்திகை பார்க்க வேண்டும். அவர்கள் சொன்ன குறைகளும் செய்த திருத்தங்களும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, ஆண்டுதோறும் அதே ஒத்திகை மறுபடி நடக்க வேண்டும். கிராம சபையிலும் நகர்மன்ற உறுப்பினரிடமும் நாமே இதை எழுப்பலாம். அங்கே கேட்கவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடச் சட்டம் இடம் தருகிறது. வரிப்பணத்தில் கட்டிய ஓர் இடத்துக்குள் வரி கட்டியவர் நுழைய முடியாமல் நின்றால், அந்தப் பணி இன்னும் முடியவில்லை என்று சொல்லும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு.