ஓபிலியோனை இனம் காண்பது எப்படி: வீட்டு மூலையிலிருந்து குடும்பப் பெயர் வரை

புதுச்சேரியின் பழைய வீடுகளில் கூரை உயரம். போகிக்கு ஒட்டடைக் குச்சியை எடுக்கும்போதுதான் அந்த மூலைகளை யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள். நூல் நூலாகக் கால்களோடு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். படம் எடுத்து இணையத்தில் போட்டால் 'டாடி லாங்லெக்ஸ்' என்று பதில் வரும். ஓபிலியோன் என்ற, சிலந்தியல்லாத இன்னோர் எட்டுக்காலிக்கும் அதே பெயர்தான்; ஆனால் அதைப் படித்துவிட்டு ஓபிலியோன் கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம். அது அநேகமாக போல்சிடே குடும்பத்துச் சிலந்தி.

சரிபார்க்கக் கால்களைப் பார்க்காதீர்கள், ஏமாற்றுவதே அவைதான். இடுப்பைப் பாருங்கள். சிலந்திக்குத் தலைப்பகுதியும் வயிறும் தனித்தனி, நடுவில் மெல்லிய இடுப்பு. ஓபிலியோனுக்கு இடுப்பே கிடையாது, உடம்பு முழுக்க ஒரே உருண்டை. அடுத்து வலை. ஓபிலியோனுக்கு நூல் சுரப்பி இல்லை, விஷமும் இல்லை. ஆகவே வலையில் தலைகீழாகத் தொங்குவது அதுவல்ல. நம் வீடுகளில் சாதாரணமாகக் காணும் க்ராஸோப்ரிஸா லையோனி என்ற சிலந்திக்கு வயிற்றின் பின்முனை கூம்பாக மேலே துருத்தி நிற்கும். பெண் தன் முட்டைப் பொதியை வாயில் கவ்வியபடி இருக்கும். தொட்டால் உடம்பை வேகமாகச் சுழற்றும். ஆனால் ஆட்டத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், சில ஓபிலியோன்களும் மிரண்டால் உடம்பைக் குலுக்கும்.

இனி தேடும் இடம். ஈரம் தங்கும் இடமாகப் பாருங்கள்: பூந்தொட்டிக்கு அடியில், மக்கிய கட்டைக்குக் கீழ், செங்கல் குவியலில், இலைச்சருகில். நகரத்தின் மணல் தரை இதற்கு ஏற்றதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இரவில் டார்ச்சோடு சொந்தத் தோட்டத்தில் தேடிப் பாருங்கள். 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் பகலில் சருகுகளைக் கவனிக்கலாம், கிளறக் கூடாது. ஆரோவில் பக்கத்து உலர் பசுமைக்காட்டுத் துண்டுகள் இன்னும் மேல். ஒன்றும் அகப்படவில்லையா? கொல்லிமலைக்கோ வால்பாறைக்கோ போகும்போது பாருங்கள். உண்மையில் இவற்றின் ராஜ்யம் அங்கேதான். கல்லைப் புரட்டும்போது எதிர்விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் தேளோ நட்டுவாக்காலியோ இருந்தால் அந்தப் பக்கமாக ஓடும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள்.

அகப்பட்டதை விரலால் பிடிக்காதீர்கள். காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடும். கழன்ற கால் திரும்ப முளைக்காது. மெல்லிய தூரிகையால் தள்ளி, மூடி உள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டப்பாவில் விடுங்கள். லேசாக ஒரு வாடை வந்தால் அது முன்பக்க ஓரங்களில் உள்ள நாற்றச் சுரப்பிகளின் வேலை. இப்போது லென்ஸ் வைத்து முதுகைப் பாருங்கள். முன்பகுதியில் ஒரு சின்ன மேடு, அதன் இருபுறமும் ஒவ்வொரு கண், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று பார்த்தபடி. சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டுக் கண். குட்டைக்கால் ஓபிலியோனை உண்ணி என்று நினைப்பவர்கள் உண்டு. வயிற்றில் வரிவரியாகக் கண்டங்கள் தெரிந்தால் அது உண்ணியல்ல.

குடும்பத்தை அறிய வாயின் இருபுறமும் உள்ள உணர்கைகளைப் பாருங்கள். அவை முள்ளின்றி மெலிந்து, கால்கள் மிக நீண்டு, முதுகில் ஒற்றை முள்ளும் நின்றால் ஸ்க்ளீரோசோமடிடே குடும்பத்து கக்ரெல்லினே என்ற துணைக்குடும்பம் என்று கொள்ளலாம். உடம்பு கெட்டி ஓடாகவும், பின்னிரு ஜோடிக் கால்களின் நுனியில் இரட்டை நகமும் இருந்தால் லேனியேடோரஸ் என்ற பெரும்பிரிவு. வெப்பமண்டல ஓபிலியோன்களில் பெரும்பகுதி இதில் அடங்கும். அதற்குள் உணர்கைகள் குட்டையாக, வாய்க்கு முன்னால் கைகட்டி நிற்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிட்டிருந்தால் அது அஸ்ஸாமிடே. 1884இல் ஸோரென்ஸென் நிறுவிய குடும்பம் இது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை 400க்கும் மேற்பட்ட இனங்கள். முதல் காலின் தொடையிலேயே முள்வரிசை இருந்தால் போடோக்டிடேயா என்று பாருங்கள். கண்கள் ஒரே மேட்டில் இல்லாமல் விலகி இருந்தால் பயன்டிடே. நான் சொன்ன கண்மேட்டு அடையாளத்துக்கு இது விலக்கு.

குடும்பத்தைத் தாண்டிப் பேரினம், இனம் என்று போகாதீர்கள்; அங்கே பெயர்களே இன்னும் குழப்பம். தென்னிந்தியாவில் பூச்சியியலாளர் மொரிஸ் மேந்த்ரோன் சேகரித்த எட்டுக்காலிகளைப் பற்றிச் சிலந்தி ஆய்வாளர் யூஜேன் சிமோன் 1906இல் பிரெஞ்சில் எழுதினார். ஆனால் ஓபிலியோன்களுக்குப் பெயர் வைப்பதில் பெரிய கை ஜெர்மானியரான கார்ல் ஃபிரீட்ரிஷ் ரோவெருடையது. உலக ஓபிலியோன்களைத் திரட்டிய அவருடைய தடித்த நூல் 1923இல் வந்தது. பாதத்தில் எத்தனை கணு, நகம் வழவழப்பா சீப்புப் பல்லா, முதுகில் எத்தனை முண்டு என்று எண்ணி எண்ணியே பேரினங்களைப் பிரித்தார். எண்ணிக்கை ஒன்று மாறினால் புதுப் பேரினம். ஒரே ஓர் இனம் மட்டுமே கொண்ட பேரினங்கள் குவிந்தன. இப்போது ஆணின் புணர்ச்சி உறுப்பின் அமைப்பையும் டிஎன்ஏவையும் பார்த்து அவற்றைத் திருத்திவருகிறார்கள். சிலந்திக்கு இல்லாத அந்த உறுப்பு ஓபிலியோனுக்கு உண்டு. அதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். மொபைல் படத்தை வைத்து இனப்பெயர் சொல்பவரை நான் நம்புவதில்லை.

படம் எடுக்கும்போது நாலு கோணம் வேண்டும்: மேலிருந்து முழு உடம்பு, பக்கவாட்டில் கண்மேடு, முன்னிருந்து உணர்கைகள், டப்பாவின் அடியிலிருந்து வயிறு. பக்கத்தில் ஒரு ஸ்கேல். பிறகு ஐநேச்சுரலிஸ்டிலோ, செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பங்கெடுத்த இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றுங்கள். இடம், தேதி, நேரம், எதற்கு அடியில் கிடைத்தது, அன்று மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். பெயர்க் கட்டத்தில் குடும்பம் உறுதியானால் குடும்பம், இல்லையென்றால் வெறும் 'ஓபிலியோன்ஸ்' போதும். பிராணியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.