பச்சைக்குள் ஒளிந்திருக்கும் நீலம்: லவ் பேர்ட்ஸ் வழியே மரபியல்

மெண்டலின் பட்டாணிச் செடியை நம் மாணவர்கள் படத்தில்தான் பார்க்கிறார்கள். லவ் பேர்ட்ஸை அக்கம்பக்கத்து வீடுகளிலேயே பார்க்கிறார்கள். "தாய், தந்தை இரண்டும் பச்சை, குஞ்சு எப்படி நீலம்?" என்ற கேள்வியிலிருந்து பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்தைத் தொடங்கலாம்.

அறிமுகம்

நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர் பறவைகள். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவின் அகபோர்னிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. பட்ஜெரிகரின் இயல்பு நிறம் பச்சை.

காஞ்சிபுரம் மாணவருக்கு இதை விளக்கத் தறியே போதும். பாவில் ஒரு நிறமும் ஊடையில் வேறு நிறமும் சேர்ந்து மயில்கழுத்து நிறம் தோன்றுகிறது. அதுபோல, இறகின் நுண்ணமைப்பு நீல ஒளியைச் சிதறச் செய்கிறது. அதனுடன் மஞ்சள் நிறமி சேர, இறகு பச்சையாகத் தெரிகிறது. மஞ்சள் நிறமியை உருவாக்கும் ஜீனில் ஏற்படும் ஒரே ஒரு மாற்றம் அதைத் தடுத்து, நீலத்தை மட்டும் விட்டுவிடுகிறது. இதை 2017இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். நீலம் ஒடுங்கு பண்பு. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்.

செயல்பாடு

'தாய்', 'தந்தை' என எழுதிய இரு உறைகளில் பச்சை நூல் ஒன்றும் நீல நூல் ஒன்றும் இடுக. பார்க்காமல் உறைக்கு ஒன்றாக எடுத்துக் குறித்தபின் திரும்ப இடுக. இரண்டும் நீலமானால் குஞ்சு நீலம், மற்றவை பச்சை. நான்கு முறை எடுத்தால் நான்கு குஞ்சுகள்.

ஒரு குழுவில் இரண்டு நீலம் வரும். இன்னொன்றில் ஒன்றுகூட வராது. நான்கும் பச்சையாக அமையும் வாய்ப்பு 81/256, ஏறத்தாழ 32 விழுக்காடு. எல்லாக் குழுக்களின் முடிவையும் கூட்டும்போதுதான் 3:1 விகிதம் நெருங்கும். நான்கில் ஒன்று கட்டாயம் நீலம் என்ற தவறான எண்ணம் இங்கே நீங்கும்.

வாழ்வோடு இணைத்தல்

தலசீமியா, பிறவிக் காது கேளாமையின் பல வகைகள் ஆகியவையும் இவ்வாறே கடத்தப்படுகின்றன. நெருங்கிய உறவில் மணம் புரிவோர் இருவரிடமும் ஒரே ஒடுங்கு ஜீன் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தைக்குக் குறை என்றால் தாயை மட்டும் பழிப்பது அறிவியலுக்கு முரண் என்பதை மாணவர் தாமே சொல்லும்படி வகுப்பை நடத்துக. எந்த மாணவரின் குடும்பத்தையும் எடுத்துக்காட்டாக்க வேண்டாம்.

கவனிக்க

இதற்குப் பறவைகளை வகுப்புக்குக் கொண்டுவரத் தேவையில்லை. காமாட்சியம்மன் படத்தில் காணும் நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கூறுக.

மதிப்பீடு

1. இரு நீலப் பறவைகளுக்குப் பச்சைக் குஞ்சு பிறக்குமா? ஏன்?
2. ஒரு பச்சை இணைக்குப் பிறந்த ஐந்தும் பச்சை. இருவரிடமும் நீல ஜீன் இல்லை என உறுதியாகக் கூறலாமா?