சங்கராபரணிக் கரையோரம் கல் தேடிப் போகிறவர்களுக்கு

1. மண்டகப்பட்டிலிருந்து தொடங்குங்கள். விழுப்புரம்–செஞ்சி சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால், பாறையைக் குடைந்து செய்த குடைவரைக் கோயில். வாயிற்காவலர் சிலைகளைப் படம் எடுத்ததும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் முகப்பில் இருக்கும் கிரந்தக் கல்வெட்டின் முன்னால் நில்லுங்கள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் பிரம்மா, ஈசன், திருமாலுக்கு விசித்திரசித்தன் செய்வித்த கோயில் என்கிறது அது. விசித்திரசித்தன் என்றால் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்; காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். இந்த நான்கும் இல்லாமல் செய்தேன் என்று ஓர் அரசன் பெருமையாகச் சொல்கிறான் என்றால், அதுவரை கோயில்கள் அவற்றால்தான் எழுந்தன என்று ஆகிறது. அவையெல்லாம் மண்ணோடு போய்விட்டன. உள்ளே மூன்று கருவறைகளும் வெறுமையாக இருக்கின்றன. அதற்காக ஏமாந்து திரும்பாதீர்கள், அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

2. அடுத்து தளவானூர்க் குடைவரை. மண்டகப்பட்டுத் தூண்களின் அடியும் தலையும் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. அதை நோட்டில் வரைந்துகொண்டு போனால்தான், தளவானூர் முகப்பில் தூண்களுக்கு மேலே வளையும் மகரதோரணம் எவ்வளவு பெரிய தாவல் என்று தெரியும். பனைமலையில் பிற்காலப் பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டிய கோயிலுக்கும் அங்கு எஞ்சியிருக்கும் ஓவியத்துக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் பார்த்தேன் என்று சொல்கிறவர் எதையும் பார்த்திருக்க மாட்டார்.

3. கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். எழுத்து தெரியவில்லையா? வெயில் சாயும்வரை காத்திருங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெட்டின் விளிம்பில் நிழல் விழுந்ததும் எழுத்து எழுந்து நிற்கும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

4. தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலில் பாறை காலைச் சுட்டுவிடும். ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் மணல்தான் கிடக்கும், அதை நம்பி ஐப்பசி கார்த்திகையில் ஆற்றுக்குள் இறங்கி நடக்காதீர்கள். இங்கே வானம் வெளுத்திருந்தாலும் செஞ்சி மலைப் பக்கம் பெய்த மழை வந்து சேரும்.

5. குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும்.

6. வழி கேட்க ஆடு மேய்க்கிற பெரியவரைவிடச் சரியான ஆள் கிடையாது. 'குடைவரை எங்கே ஐயா?' என்றால் யோசிப்பார். ஊரார் சொல்லும் பெயரில், பஞ்சபாண்டவர் மலை என்று கேட்டுப் பாருங்கள், கூடவே வந்து காட்டுவார். அவர் சொல்லும் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள். வரலாறு இல்லை என்று அவரிடம் வாதாட வேண்டாம்.

7. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். பாறையில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று கல்வெட்டு சொல்கிறது. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துச் சமணக் குடும்பங்களுக்கு அது இன்றும் வழிபாட்டு இடம். அங்கே சத்தமாகப் பேசுவதும், சிலைகளை ஒட்டி நின்று செல்ஃபி எடுப்பதும் எனக்குப் பொறுக்காது.

8. ஆற்றோடு கீழே போனால் திருவக்கரை. சந்திரமௌலீசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டுக் கல்மரப் பூங்காவுக்கு வாருங்கள். கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான மரங்கள், பட்டையும் வரியும் தெரியக் கல்லாகிக் கிடக்கின்றன. கைக்கு அடக்கமான துண்டுகள் காலடியிலேயே கிடக்கும். ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். உடன் வரும் குழந்தைகளின் சட்டைப் பையையும் கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.